இரண்டு நிலையங்களுக்கு நடுவே

காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடக்கப் போகிற குடும்பம் எவ்வளவு தூரம் போனாலும் அதே இடத்துக்குத் திரும்பிவந்தாக வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் கூட வரும்போது இது பெரிய கட்டு. பிள்ளை ஓடியாடிக் களைத்து, கால் வலிக்கிறது என்று உட்கார்ந்த பிறகுதான் திரும்பும் தூரம் முழுதாகக் கண்முன் நிற்கும். பார்த்த மரங்களையே மறுபடி பார்த்தபடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். ரயிலில் போனவர்களுக்கு இந்தக் கட்டு கிடையாது. ஒரு நிலையத்தில் இறங்கி நடந்து, அடுத்த நிலையத்தில் ஏறி வீடு திரும்பலாம். கார் இல்லாத குடும்ப நடை என்றதும் காற்று மாசு, பெட்ரோல் செலவு, வண்டி நிறுத்த இடமில்லாத தவிப்பு என்று பேச ஆரம்பிக்கிறோம். அவையெல்லாம் சரிதான். ஆனால் நடப்பவருக்கு ரயில் மட்டுமே தரக்கூடிய வசதி, திரும்பி வரவேண்டியதில்லாத இந்த ஒருவழி நடை. அதற்கு மூன்று வேண்டும்: நடக்கும் தூரத்தில் இரண்டு நிலையங்கள், அவற்றுக்கு நடுவே வண்டி வராத ஒரு பாதை, பிற்பகலில் வீடு திரும்ப ஒரு ரயில். இலங்கையின் மலையகத்தையும் இந்தியாவின் நீலகிரி, மாதேரான் மலைகளையும் இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், இங்கே ஒன்று இருக்கிறது, அங்கே ஒன்று இருக்கிறது, மூன்றும் ஒருசேர எங்கும் அமையவில்லை. போதாக்குறைக்கு இரண்டு நாடுகளும் ரயிலையே பார்க்கவேண்டிய காட்சியாக விற்கத் தொடங்கியிருப்பதால், இருப்பதும் கைநழுவிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கில் இலங்கைதான் அதிகம் வைத்திருக்கிறது. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை ஏறத்தாழ 290 கிலோமீட்டர் ஓடும் பிரதான பாதை ஒரே மூச்சில் போட்டதல்ல. 1864-ல் அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி போனது. 1867-ல் கண்டி, 1885-ல் நானுஓயா, 1924-ல் பதுளை என்று அறுபது ஆண்டுகள் மலையேறியது. முதலில் காப்பியையும் பிறகு தேயிலையையும் இறக்கிக்கொண்டுவரப் போட்ட பாதை இது. அதனால் நிலையங்கள் நகரங்களைத் தேடிப் போகாமல் தோட்டங்களின் வாசலிலேயே அமைந்தன. கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, பட்டிப்பொல, ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, ஹப்புத்தளை என்று வரிசையாக வரும் பெயர்களில் பல, நிலையம் இல்லையென்றால் வெளியூர்க்காரர் காதில் விழுந்தே இருக்காது. இந்தியாவில் இருக்கும் அதே ஐந்தரை அடி அகலப் பாதையை வளைத்து வளைத்து மலைமேல் ஏற்றியிருப்பதால் வண்டி மெதுவாகத்தான் போகமுடியும். கடல் மட்டத்துக்கு 1,890 மீட்டருக்கு மேல் இருக்கும் பட்டிப்பொலவை நெருங்கும்போது வேகம் இன்னும் தளரும். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் வளையத்தில் மாட்டிய டேப்லட் எனும் அனுமதி வில்லையை நிலைய அதிபர் நீட்ட, எஞ்சினிலிருந்து கை நீட்டி வாங்கிக்கொண்ட பிறகே வண்டி அடுத்த பகுதிக்குள் நுழைவது இந்தப் பாதையின் வழக்கம். குடும்ப நடைக்கு இந்த மெதுவும் நிறுத்தமும் வரப்பிரசாதம். ஒரு சிறு நிலையம் என்றால் கழிப்பறை, தண்ணீர்க் குழாய், மழைக்கு ஒதுங்கக் கூரை, உட்கார ஒரு பெஞ்சு, நேரம் கேட்க ஒரு மனிதர். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் நடக்கக் கிளம்பும்போது முதலில் யோசிப்பது இவற்றைத்தான். பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே போன்ற வண்டிகளில் முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பு இருப்பதையும் இதோடு சேர்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வானத்தைப் பார்த்து, இன்றைக்குப் போகலாம் என்று முடிவெடுக்கிற வீட்டுக்கு அந்தச் சீட்டுதான் கதவைத் திறக்கிறது.

குறை எங்கே என்றால், அங்கே இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள நடைபாதை தண்டவாளமேதான். இது சுற்றுலாப் பயணிகள் கண்டுபிடித்த வழி இல்லை. மலையகத் தோட்டங்களில் லயங்கள் எனும் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் கோயிலுக்கும் போகிறவர்களுக்குப் பல இடங்களில் ரயில்பாதைதான் சமதரையான ஒரே வழியாக நெடுங்காலம் இருந்துவருகிறது. எல்ல ஊரிலிருந்து ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் அந்த வழக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார்கள். தண்டவாளத்தில் நடந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு மோசமான பாதை என்று தெரியும். சிலீப்பர் கட்டைகளின் இடைவெளி பெரியவர்களின் எட்டுக்குக் குறைவு, பிள்ளையின் எட்டுக்கு அதிகம். ஒருவர் தத்தித் தத்தி நடக்க, மற்றவர் குதித்துக் குதித்துப் போகவேண்டும். இறங்கி நடந்தால் ஜல்லி காலை வாருகிறது. மலையை வெட்டிய கணவாய்க்குள் வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் வண்டியின் சத்தம் மண்சுவரில் அமுங்கிப்போய்க் கடைசி நேரத்தில்தான் கேட்கும். சுரங்கத்துக்குள் ஒதுங்க இடம் தேடவேண்டும். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம் என்று தெரிந்தும் எல்லோரும் நடக்கிறார்கள், ஏனென்றால் வேறு வழி அங்கே சரியாக இல்லை. பல நாள் ஒன்றும் நடக்காமல் போவதாலேயே பாதுகாப்பானது என்ற எண்ணமும் ஊறிவிட்டது. கையில் குழந்தையோடு போகும் ஒருவருக்கு இதை நல்ல நடை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

தண்டவாளத்தை விட்டுவிட்டால் நடக்க இடமே இல்லையா என்றால், இருக்கிறது. கண்டியில் தொடங்கி ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகளாகப் பிரித்து அடையாளமிட்ட பீக்கோ நடைபாதை, தேயிலை சுமந்துபோன பழைய தோட்டத்து வழிகளையே பெரும்பாலும் பின்பற்றுகிறது. ஒரு பகுதியை ஒருநாளில் நடக்கலாம். சில பகுதிகள் ரயில் நிலையங்களுக்கு அருகே வந்து முடிகின்றன. இது நல்ல முயற்சி. மலையகம் முழுக்க இப்படிப்பட்ட வழிகள் ஏற்கெனவே கிடக்கின்றன, கொழுந்து பறிப்பவர்களின் கால்கள் அவற்றை மறந்துவிடவில்லை என்பதையும் அது காட்டியிருக்கிறது. ஆனால் அதன் கணக்கு முதுகுப்பையோடு வரும் பயணியின் கணக்கு. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடப்பவரை மனத்தில் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். கம்பளையிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வரும் குடும்பத்துக்கு வேண்டியது நான்கைந்து கிலோமீட்டர். ஒஹியவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளிப் பூங்காவின் நுழைவுப் பகுதிக்கு 11 கிலோமீட்டர் ஏற்றம். உள்ளே உலக முடிவு எனும் செங்குத்துச் சரிவின் விளிம்பு வரை போய்வரும் சுற்றுப்பாதை இன்னொரு ஒன்பது கிலோமீட்டர். நிலையத்தில் இறங்கிய குடும்பம் ஒன்று வேன் பிடிக்கவேண்டும், இல்லையென்றால் திரும்பவேண்டும். நிலையத்துக்கும் பூங்காவுக்கும் நடுவே ரயில் நேரத்தை ஒட்டி ஒரு சிறு பஸ் ஓடினால் போதும், கார் இல்லாதவர்களுக்கும் அந்தச் சமவெளி கிடைத்துவிடும். இப்போது பெரும்பாலானோர் நுவரெலியாவிலிருந்து விடியுமுன் வேன்களில்தான் வந்திறங்குகிறார்கள்.

இந்தியப் பக்கம் வந்தால் நீலகிரி மலை ரயில்தான் முதலில் நினைவுக்கு வரும். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் உதகமண்டலம் வரையும் வந்த 46 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரம் பிடித்து ஏறும் பகுதியில் நடை பற்றிப் பேச்சே வேண்டாம், கல்லாறும் அடர்லியும் யானைக் காடு. ஆனால் குன்னூரிலிருந்து உதகை வரை உள்ள சுமார் 18 கிலோமீட்டரில் வெல்லிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நான்கு நிலையங்கள் இருக்கின்றன. சராசரியாக நான்கு கிலோமீட்டருக்கும் குறைவான இடைவெளி. குடும்ப நடைக்கென்றே அளந்து வைத்தது போன்ற தூரம் இது. கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறிப் பாத்திகளும் லவ்டேல் பக்கத்துச் சோலைத் துண்டுகளும் வழியில் வரும். இவ்வளவும் இருந்தும் அங்கே யாரும் ஒரு நிலையத்தில் இறங்கி அடுத்ததில் ஏறுவதில்லை. வண்டிகள் குறைவு, இருக்கைகள் அதைவிடக் குறைவு. வருகிறவர்களில் பலர் வாரக்கணக்கில் முன்பதிவு செய்து, ஏறியது முதல் கடைசி நிலையம் வரை ஜன்னலை விடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவழியில் இறங்கினால் அடுத்த வண்டியில் இடம் கிடைக்குமா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. ரயில் போய்ச்சேருவதற்கான வண்டியாக இல்லாமல், ஒருமுறை ஏறிப் பார்க்கவேண்டிய பொருளாகிவிட்டது. எல்லவில் இதன் மறுபக்கம் நடக்கிறது. கொழும்பிலிருந்து வேனில் வந்து, பாலத்தில் ரயில் போவதைப் படம்பிடித்துக்கொண்டு, வேனிலேயே திரும்புகிறார்கள்.

நீலகிரிக்கு வரும் கார்களின் எண்ணிக்கை தாங்கமுடியாத அளவுக்குப் போனதால் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டது. 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து கோடைக்காலத்தில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. தேவையான நடவடிக்கை என்றே நினைக்கிறேன். ஆனால் வண்டிக்குக் கணக்கு வைத்த அளவுக்கு, வண்டி இல்லாமல் வருகிற குடும்பம் மேலே வந்தபின் எப்படி நகரும் என்ற கேள்வி பொதுப்பேச்சில் இடம்பெறவில்லை. கார் இல்லாமல் உதகைக்கு வந்தவர், அடுத்த நிமிடமே வாடகைக் காரில் ஏறித்தான் ஊரைச் சுற்றவேண்டியிருக்கிறது என்றால், தடுத்தது எதற்காக? தண்டவாளத்தில் நடப்பவர்களை விரட்டும் விஷயத்திலும் இதே அரைகுறைதான். கோவா எல்லையில் தூத்சாகர் அருவிக்கும், கர்நாடகத்தில் சக்லேஷ்பூரிலிருந்து சுப்ரமண்யா நோக்கிப் போகும் மலைப்பாதைக்கும் தண்டவாளம் வழியே நடப்பது பல ஆண்டுகள் இளைஞர்களிடையே புகழ்பெற்றிருந்தது. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ம் பிரிவு அத்துமீறி நுழைபவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. 2023 மழைக்காலத்தில் தூத்சாகரில் கூட்டம் கூட்டமாக இறங்கியவர்களை ரயில்வே போலீஸ் தோப்புக்கரணம் போடவைத்த காட்சிகள் பரவின. உயிரைக் காப்பாற்றும் தடை நியாயமானதுதான், சுரங்கங்களும் பாலங்களும் நிறைந்த சரக்கு ரயில் பாதையில் வேறு பேச்சுக்கு இடமில்லை. இலங்கை இதில் கண்டிப்பைக் கற்கவேண்டும். ஆனால் விரட்டிய கையோடு பக்கத்தில் ஒரு நடைவழியைக் காட்டியிருந்தால், மறுமழைக்கு அதே கூட்டம் அதே இடத்தில் வந்து நிற்காது.

மூன்றில் கடினமான ஒன்றை, அதாவது வண்டி வராத பாதையை, இந்தியா ஓரிடத்தில் சாதித்தும் காட்டியிருக்கிறது. மும்பைக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் மாதேரானுக்குள், ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகள் தவிர, மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. 2003-ல் சூழலியல் உணர்திறன் மண்டலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. காரில் வந்தவர் தஸ்தூரி என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு சுமார் மூன்று கிலோமீட்டர் நடந்தோ குதிரையிலோ குட்டி ரயிலிலோ போகவேண்டும். கீழே நேரல் நிலையம் மும்பைப் புறநகர் மின்ரயில்களின் கர்ஜத் பாதையில் இருக்கிறது. அங்கிருந்து 1907 முதல் இரண்டடி அகலச் சிறுபாதையில் சுமார் 20 கிலோமீட்டர் ரயில் ஏறுகிறது. மேலே போனால் செம்மண் தடங்கள், இருபுறமும் மரங்கள், பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒவ்வொரு முனைக்கும் ஒரு பெயர். குழந்தை கையை உதறிவிட்டு நடுவழியில் ஓடினால் பெற்றவர் பதறவேண்டியதில்லை. சாலையில் பிள்ளையின் மணிக்கட்டை இறுகப் பிடித்தே பழகிய நகரத்துத் தாய்க்கு அந்த ஒரு மாற்றமே ஊருக்கு வந்த பலன். கார் போகாவிட்டால் ஊர் படுத்துவிடும் என்ற பயத்துக்கும் மாதேரான் பதில் சொல்கிறது. விடுமுறை நாட்களில் அங்கே கூட்டம் குறைவதில்லை, கடைகளும் விடுதிகளும் அந்தக் கூட்டத்தை நம்பியே நடக்கின்றன. ஆனால் அங்கும் ரயில் நோஞ்சானாகவே இருக்கிறது. 2005 வெள்ளத்தில் அறுந்த பாதை 2007-ல்தான் திரும்பியது. 2019 மழையில் மறுபடி சேதமாகி 2022-ல்தான் முழுச் சேவை வந்தது. மழைக்காலத்தில் அடிவாரத்திலிருந்து வண்டி கிடையாது, தஸ்தூரிக்கு அருகே உள்ள அமன் லாட்ஜிலிருந்து ஊருக்குள் போகும் குட்டி ரயில் மட்டும்தான். ஆகவே நேரல் வரை ரயிலில் வந்தவர்களிலும் மிகப் பலர் அங்கிருந்து தஸ்தூரிக்கு டாக்ஸி பிடிக்கிறார்கள். கார் இல்லாத ஊரின் வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்பதற்கு இதுவே காரணம்.

மாதேரானைச் சொல்லும்போது எழும் நேர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. கார் வேண்டாம் என்றால் நடக்க முடியாதவர் என்ன செய்வார்? அந்த ஊரில் நூறாண்டுக்கும் மேலாக இதற்குக் கிடைத்த விடை, மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷா. அது மனிதத்தன்மையற்றது என்று சொல்லி ஆறு மாதத்துக்குள் நிறுத்தும்படி 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. இழுத்தவர்களுக்கே மின்ரிக்‌ஷா கொடுக்கும் வழியையும் காட்டியது. கார் இல்லாத நடை என்ற பெயரில் ஏழையின் முதுகில் ஏறிப்போவதை நான் ஒப்பமாட்டேன். நடக்க இயலாதவருக்கு மெதுவாகப் போகும் சில மின்வண்டிகள் இருப்பதால் அந்த ஊரின் அமைதி கெட்டுவிடாது, எண்ணிக்கை கட்டுக்குள் இருக்கும்வரை. நிலையத்திலிருந்து நிலையத்துக்குப் போகும் நடையில் இதைவிட எளிய ஏற்பாடும் உண்டு. முட்டிவலி உள்ள பாட்டி ரயிலிலேயே அடுத்த நிலையம் வரை போய், பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு காத்திருக்கலாம். நடப்பவர்கள் அங்கே வந்து சேர்ந்துகொள்வார்கள். காரில் போயிருந்தால் காரை ஓட்டுபவர் நடையை இழந்திருப்பார்.

நம் குடும்பங்கள் நடக்காது, அது வெள்ளைக்காரர் பழக்கம் என்பது இரண்டு நாடுகளிலும் அடிக்கடி கேட்கும் பேச்சு. எனக்கு இதைவிடத் தவறான கூற்று தெரியாது. திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்கள் மலையேற்றப் பயிற்சி எடுத்தவர்களா? பாட்டி, பேத்தி, கைக்குழந்தையோடு மருமகள் என்று வீட்டோடு வருகிறார்கள், பெரும்பாலும் வெறுங்காலோடு. சிறப்பு ரயில்கள் விடப்படுகின்றன. நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். பெருங்கூட்ட நாட்களில் பஸ்களையும் கார்களையும் ஊருக்கு வெளியே நிறுத்துகிறார்கள். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் வழியைப் பங்குபோட்டுத் தருவதால், இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கும் பிள்ளைக்கு எண்ணிச் சொல்ல முடிகிறது. இலங்கையில் டிசம்பர் போயா எனும் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகும் கூட்டமும் இப்படித்தான். ஹட்டன் நிலையத்தில் இறங்கி, பஸ்ஸில் நல்லதண்ணிக்குப் போய், இரவெல்லாம் படியேறுகிறார்கள். 2,243 மீட்டர் உயரச் சிகரத்தை விடியலில் தொடும் அந்தக் கூட்டத்தில் பௌத்தர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் உண்டு. முதியவரைப் பேரன் தாங்கிப் பிடித்திருப்பான். வழிநெடுக விளக்கும் தேநீர்க் கடையும் இளைப்பாறும் இடமும் இருக்கும். பக்தி இருப்பதால்தான் நடக்கிறார்கள் என்று சொல்லலாம். பக்தி புறப்பட வைக்கிறது, உண்மை. பாதியில் திரும்பாமல் நடந்து முடிக்க வைப்பது விளக்கும் தண்ணீரும் வண்டியற்ற வழியும் திரும்பிப்போக ஒரு ரயிலும் பஸ்ஸும். இரண்டு அரசுகளுக்கும் இதைச் செய்யத் தெரியும். நாள் குறித்துச் செய்கிறார்கள், அந்த நாள் முடிந்ததும் மறுபடி சாலை வண்டிகளுக்குப் போய்விடுகிறது.

பணக் கேள்வி கடைசியாக வரும். மெதுவான வண்டியும் சிறு நிலையமும் நட்டம், சொகுசுச் சுற்றுலா ரயில் லாபம் என்பார்கள். எல்ல ஒடிசி போன்ற சுற்றுலா வண்டிகள் இலங்கைக்கு அந்நியச் செலாவணி கொண்டுவருவதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுகிறோம். கார் வருவதற்காக மலையைக் குடைந்து அகலப்படுத்தும் சாலையும், அதற்குக் கட்டும் தடுப்புச் சுவரும், நிறுத்துமிடத்துக்கு அழியும் சரிவும் ரயிலின் நட்டத்துக்கு எதிரே ஒருபோதும் வைக்கப்படுவதில்லை. இந்தியாவில் கொரோனாவுக்குப் பிறகு சாதாரணப் பாசஞ்சர் வண்டிகளுக்கு விரைவு ரயில் கட்டணம் வாங்கி, 2024 தொடக்கத்தில்தான் பழைய கட்டணத்துக்குத் திரும்பினார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்தச் சில ஆண்டுகளில் ரயிலும் வாடகை ஆட்டோவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட ஊர்கள் உண்டு. ஒருமுறை சாலைக்குப் போன குடும்பம் கட்டணம் குறைந்ததும் தானாகத் திரும்பி வந்துவிடுவதில்லை.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது பதுளைப் பாதையும் பல இடங்களில் மண்சரிவில் அறுந்தது. உயிர்களையும் வீடுகளையும் இழந்த தோட்டத்து மக்களுக்கு முதலில் வேண்டியது கூரையும் சாலையும் வண்டியும். அதில் இரண்டு கருத்து இருக்கமுடியாது. ஆனால் சரிந்த மண்ணை அள்ளி, கரையைக் கட்டி, வாய்க்கால் வெட்டும் வேலை எப்படியும் நடந்தாக வேண்டும். அந்த வேலையின்போதே, இடமுள்ள பகுதிகளில் தண்டவாளத்துக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம், இருவர் அருகருகே நடக்கிற அகலத்தில் ஒரு தடம் விட்டால், அதில் முதலில் நடக்கப்போவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பிறகுதான் விடுமுறைக் குடும்பங்கள். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே உள்ள ஆறேழு கிலோமீட்டரில் தொடங்கலாம். தெமோதரையில் ரயிலானது நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து வெளிவரும். கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு அந்த யோசனை வந்தது என்று அந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள். எல்லவிலிருந்து நடந்துவந்த பிள்ளை மேடையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும். கண்முன் புறப்பட்ட வண்டி சற்று நேரத்தில் தன் காலுக்குக் கீழே தடதடப்பதைக் கேட்கும். பிறகு எல்லோருமாகத் திரும்பும் வண்டிக்குக் காத்திருப்பார்கள்.